முகத்தைத் தடவிவிட்டால் ஜொள்ளு நிற்குமா, பேச்சு வருமா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கரை வயதுப் பையன், செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவுகள் கட்டுக்குள் வராத நிலை), கை கால் இறுக்கம், ஃபிட்ஸுக்கு மருந்து சாப்பிடுகிறான். வாய் எப்போதும் திறந்தே இருக்கிறது, ஜொள்ளு வடிந்துகொண்டே இருக்கிறது, பிரஷ்ஷை வாய்ப் பக்கம் கொண்டு போனாலே உடம்பை வில்லாக வளைக்கிறான், குழைத்த சாதம் தவிர வேறு எதையும் வாங்குவதில்லை. அம்மாவுக்கு ஒரு வீடியோ வந்திருக்கிறது: தினமும் இரண்டு வேளை முகத்தை இப்படித் தடவினால் மூன்று மாதத்தில் பேசிவிடுவான் என்று. மாமியார் வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்கிறார். இதில் எதைச் செய்யலாம், எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நான் குழந்தைகளுக்கான ஸ்பீச் தெரபிஸ்ட். என் வேலையில் பாதிக்கு மேல் சாப்பாடு, மெல்லுவது, விழுங்குவது சம்பந்தப்பட்டதுதான். நேராகச் சொன்னால், முகத்தைத் தொட்டு, அழுத்தி, மெதுவாகத் தடவிப் பழக்குவதை வீட்டிலேயே செய்யலாம், செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் பேச்சுக்காகச் செய்யாதீர்கள். அடுத்து வரப்போகும் ஸ்பூனுக்கும் பிரஷ்ஷுக்கும் அவன் வாயைத் தயார் செய்கிற ஐந்து நிமிட வேலை அது. சாப்பாட்டுக்கு முன்னால் செய்து, செய்த கையோடு சாப்பாட்டுக்குப் போனால் பலன் தெரியும். மத்தியானம் சும்மா இருக்கும்போது அரை மணி நேரம் தடவிக்கொண்டிருந்தால் அது வெறும் மசாஜ், அவ்வளவுதான். வசம்பு வேண்டவே வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஜொள்ளைப் பற்றி. எச்சில் அதிகமாகச் சுரப்பதால்தான் வடிகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நமக்கே ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது, நாம் கவனிக்காமலே விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சுரப்பது சாதாரண அளவுதான், அதை விழுங்கும் வேலைதான் சரியாக நடப்பதில்லை. உதடு மூடுவதில்லை, தாடை நிலையாக நிற்பதில்லை, தலை முன்னால் தொங்குகிறது, மோவாய் நனைந்திருப்பதே அவனுக்கு உறைப்பதில்லை. எந்தக் குழந்தைக்கும் ஒன்றரை, இரண்டு வயது வரை ஜொள்ளு வடிவது சகஜம். நான்கு வயதுக்கு மேலும் விழித்திருக்கும் நேரத்தில் வடிந்துகொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும், உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான்.

அதனால் கையை முகத்தில் வைப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இவை இருக்கும்போது எத்தனை மாதம் தடவினாலும் ஒன்றும் மாறாது. மூக்கு அடைத்திருக்கிறதா? தூங்கும்போது குறட்டை விடுகிறானா? அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீங்கி மூக்கால் மூச்சு விட முடியாத குழந்தை வாயை மூடவே மாட்டான், மூடினால் மூச்சு முட்டும், நீங்கள் உதட்டை மூடப் பழக்குவது அவனுக்குக் கொடுமை. அடுத்து பல். பிரஷ்ஷே போகாத வாயில் சொத்தை இருப்பதற்கு வாய்ப்பு அதிகம், வலிக்கிற வாயை யார் தொட விடுவார்கள்? மூன்றாவது, ஃபிட்ஸ் மருந்து. குளோபசாம் (ஃப்ரிசியம் என்று வருவது), குளோனசிபாம் போன்றவை ஜொள்ளைக் கூட்டும். ஃபெனிடாயின் (எப்டாயின்) நீண்ட நாள் சாப்பிடும் குழந்தைகளுக்கு ஈறு வீங்கி, தடித்து, பல்லின் மேலேயே வளர்ந்து வரும், தொட்டால் ரத்தம் கசியும். இதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஃபிட்ஸ் மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், எழுதிக்கொடுத்த டாக்டரிடமே இதைக் கேளுங்கள்.

சரி, இப்போது முகம். முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டு போவது ஐந்தாம் கபால நரம்பு, முகத் தசைகளை அசைப்பது ஏழாம் நரம்பு. மூளையில் தொடு உணர்வுக்கென்று இருக்கிற இடத்தில் உதட்டுக்கும் முகத்துக்கும் ஒதுக்கியிருக்கும் பங்கு முழு முதுகுக்கும் இருப்பதைவிட மிகப் பெரியது. அதனால்தான் முதுகில் தட்டினால் சிரிக்கிற குழந்தை கன்னத்தில் விரல் பட்டதும் அலறுகிறது. அதோடு உங்கள் பையன் மாதிரிக் குழந்தைகளுக்கு வாய் என்றாலே பழைய கணக்கு ஒன்று இருக்கும். பிறந்ததும் இன்குபேட்டரில் இருந்திருப்பான், மூக்கு வழியாக டியூப், சளி உறிஞ்சும் குழாய், பிறகு வீட்டில் மடியில் கிடத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிய மருந்து. முகத்துக்குப் பக்கத்தில் வந்த கை நல்லதுக்கு வந்ததே இல்லை என்று அவன் உடம்பு கற்றுவைத்திருக்கிறது. பிடிவாதம் என்று இதைச் சொல்லாதீர்கள்.

இந்தக் கணக்கை மாற்ற முதல் இடம் மசாஜ் கூட இல்லை, துடைப்பது. ஜொள்ளு வடியும் குழந்தையின் வாயை வீட்டில் எத்தனை தடவை துடைக்கிறோம் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். போகிற போக்கில் அம்மா ஒரு இழு, பாட்டி முந்தானையால் ஒரு இழு, அக்கா பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு இழு. சொல்லாமல் கொள்ளாமல் பக்கவாட்டில் வந்து உதட்டின் மேலேயே தேய்த்துக்கொண்டு போகிறது துணி. அந்தத் தேய்ப்பு உதட்டை இன்னும் திறக்க வைக்கும், தோலும் சிவந்து புண்ணாகும். அதற்குப் பதிலாக, மெத்தென்ற பருத்தித் துணியை நான்காக மடித்து, அவன் கண்ணில் படும்படி முன்னால் கொண்டுவந்து, "துடைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, மோவாயில் வைத்து ஒரு நொடி அழுத்தி, கீழ் உதட்டை நோக்கி மேலே ஒற்றி எடுங்கள். இழுக்காமல் ஒற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு ஒற்றலிலும் கீழ் உதடு மேல் உதட்டைத் தொட்டுவிட்டு வரும், கூடவே "விழுங்கு" என்று ஒரு வார்த்தை. நாள் முழுக்க நடக்கும் வேலை இது, தனியாக உட்கார்ந்து செய்யும் ஐந்து நிமிடத்தைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

இனி அந்த ஐந்து நிமிடம். உட்கார வைக்கும் விதம் சரியில்லை என்றால் மற்றது எதுவும் சரியாக வராது. நம் வீடுகளில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின் மேல் மல்லாக்கக் கிடத்தித்தான் எண்ணெய் தேய்ப்பது, மருந்து ஊற்றுவது, சில வீடுகளில் சோறு ஊட்டுவதும்கூட. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட அது சரி. வாய் வேலைக்கு வேண்டாம். தலை பின்னால் சாய்ந்தால் வாய் தானாகத் திறக்கும், எச்சில் நேராகத் தொண்டைக்கு இறங்கும், புரையேறும், இறுக்கம் உள்ள குழந்தைக்கு உடம்பு முழுக்க இன்னும் விறைக்கும். அவனுடைய சிறப்பு நாற்காலி இருந்தால் அதில், இல்லை என்றால் சுவர் மூலையில் தலையணை வைத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதன் மேலாவது ஊன்றி, தலை நடுவில் நின்று, மோவாய் கொஞ்சம் கீழே பார்த்தபடி உட்கார வையுங்கள். நீங்கள் அவன் எதிரில், அவன் கண் மட்டத்தில், தாழ்வாக உட்காருங்கள். நின்றுகொண்டு செய்தால் உங்களைப் பார்க்க அவன் அண்ணாந்துவிடுவான், மறுபடியும் அதே தொல்லை. தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கக் கை நீண்டு மறு கை மடங்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தலையை நடுவில் வைப்பது இன்னும் முக்கியம்.

நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, கையைக் கழுவி, ஜில்லென்று இருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய், பவுடர், வாசனை எதுவும் வேண்டாம். எண்ணெய் போட்டால் விரல் வழுக்கும், தசைக்கு அழுத்தம் போகாது. டிவியை அணைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்ட உடனே வேண்டாம், வாந்தி வரும். காய்ச்சல், வாய்ப்புண், அன்றைக்கு ஃபிட்ஸ் வந்த நாள் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆரம்பம் முகத்தில் இல்லை, கையில். அவன் உள்ளங்கைகளை உங்கள் கைகளுக்குள் வைத்து அழுத்துங்கள், முழங்கை, தோள் என்று அப்படியே அழுத்திக்கொண்டு மேலே வாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். தோள்வரை வந்ததும் அவன் முகத்தைப் பாருங்கள். கண்ணை இறுக்கி மூடுகிறான், தலையைத் திருப்புகிறான், விரல்களை விரித்து நீட்டுகிறான், விக்கல் எடுக்கிறது, மூச்சைப் பிடிக்கிறான் என்றால் இன்றைக்குத் தோளோடு சரி. அது தோல்வி இல்லை, அவன் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள் என்று அவனுக்குத் தெரிவது பெரிய விஷயம். பேச்சில்லாத குழந்தைக்கு "போதும்" என்று சொல்ல இருக்கும் ஒரே வழி இதுதானே. சில குழந்தைகள் முதல் நாளே கன்னம்வரை விடுவார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் தோளிலேயே நிற்கும்.

கன்னம்வரை வந்துவிட்டீர்கள் என்றால்: இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து இரண்டு கன்னத்திலும் வைத்து, அசைக்காமல், மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். எவ்வளவு அழுத்தம் என்றால், பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் விரல் வைத்தால் லேசாகக் குழி விழும் பாருங்கள், அவ்வளவு. இறகு மாதிரித் தொடுவது மென்மை என்று நினைக்கிறோம், ஆனால் கூச்சமும் இறுக்கமும் உள்ள குழந்தைக்கு அந்த லேசான தொடுகைதான் தாங்க முடியாதது, ஊர்வதுபோல் இருக்கும். அழுத்தமாக, மெதுவாக, ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகிற தொடுகைதான் அமைதிப்படுத்தும். பிறகு காதுக்கு முன்னால் தாடை மூட்டு இருக்கிற இடத்திலிருந்து வாய்க்கோடிவரை விரல்களின் பட்டைப் பகுதியால் மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள், மூன்று முறை போதும். அடுத்து மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவே இரண்டு ஆள்காட்டி விரலையும் படுக்கையாக வைத்து, உதட்டின் விளிம்பை நோக்கிக் கீழே அழுத்தி இழுங்கள். கீழ் உதட்டுக்கு மோவாயிலிருந்து மேல் நோக்கி. கடைசியில் இரண்டு உதட்டையும் விரல்களால் சேர்த்து ஒரு நொடி மூடிப் பிடித்துவிட்டு விடுங்கள். மூக்கடைப்பு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொல்லிவிட்டுத் தொடுங்கள். "இப்போ கன்னம்", "இப்போ உதடு". தினமும் அதே வரிசை, அதே சொல். அடுத்தது என்ன என்று தெரிந்தாலே பயத்தில் பாதி போய்விடும்.

ஒரு முக்கியமான விஷயம், வீடியோக்கள் கோட்டை விடுவது இங்கேதான். இறுக்கமான குழந்தைக்குச் செய்வதும் தொளதொளவென்று இருக்கும் குழந்தைக்குச் செய்வதும் ஒன்றில்லை. 1950களை ஒட்டி அமெரிக்காவில் மார்கரெட் ரூட் என்ற தெரபிஸ்ட், வேகமாகத் தட்டுவது, பிரஷ்ஷால் உரசுவது, ஐஸ் வைப்பது போன்றவற்றைச் சோம்பிக் கிடக்கும் தசையை எழுப்பவும், மெதுவாகத் தடவுவதையும் நிதானமான அழுத்தத்தையும் விறைத்த தசையைத் தணிக்கவும் என்று பிரித்து வைத்தார். அர்ஜென்டினாவில் ரோடால்ஃபோ காஸ்டில்லோ மொராலெஸ் என்ற மருத்துவர் பிறவியிலேயே தசை தளர்ந்திருக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் முகத் தசைகளுக்கென்று ஒரு முறையை உருவாக்கினார், அதில் அண்ணத்தில் பொருத்தும் சிறு தகடும் உண்டு. இன்றைக்குச் சுற்றும் வீடியோக்களில் பலவும் இந்த மாதிரி இடங்களிலிருந்து ஒரு துண்டு, அங்கிருந்து ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டியவை, எந்தக் குழந்தைக்கு என்ற பேச்சே இருக்காது. உங்கள் பையனுக்கு வேகமாகத் தட்டுவது, மேலும் கீழும் உரசுவது எல்லாம் விறைப்பைத்தான் கூட்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தையாக இருந்தால், உதட்டைச் சுற்றி விரல் நுனியால் சுறுசுறுப்பாகத் தட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகலாம். ஆனால் அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும், தலையைப் பின்னால் மடக்குவது, திருகுவது கூடாது. இதயக் கோளாறும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு.

வாய்க்குள்ளே போவது அடுத்த கட்டம். முகமெல்லாம் தொட விட்ட பிறகுதான். சுத்தமான ஈரத் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே, ஈறின் வெளிப்பக்கத்தில் முன்பல் நடுவிலிருந்து கடைவாய்வரை அழுத்திக்கொண்டு போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். மேல் வலது, மேல் இடது, கீழ் வலது, கீழ் இடது என்று நான்கு பகுதி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் விரலை எடுத்து, தாடையைத் தாங்கி வாயை மூட வைத்து, அவன் விழுங்கும்வரை காத்திருங்கள். தொண்டை மேலே ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த விழுங்கல்தான் உங்களுக்கு வேண்டியது, தடவியது அதற்கு ஒரு சாக்கு. அவசரத்தில் நான்கு பகுதியையும் ஒரே மூச்சில் முடித்தால் வாய் நிறைய எச்சில்தான் சேரும்.

பல்லுக்கு நடுவே விரலைக் கொடுக்கவே கூடாது. செரிப்ரல் பால்சி குழந்தைகளில் சிலருக்குப் பல்லில் ஏதாவது பட்டதும் தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும். அவன் வேண்டுமென்று கடிக்கவில்லை, விட நினைத்தாலும் அவனால் விட முடியாது. அப்படிக் கடித்துவிட்டால் இழுக்காதீர்கள், கத்தாதீர்கள், வாயைப் பிளக்காதீர்கள், எல்லாமே பூட்டை இறுக்கும். விரலை அசைக்காமல் வைத்து, தலையை லேசாக முன்னால் சாய்த்து, தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டு காத்திருங்கள், தானாகத் தளரும். வலிக்கத்தான் செய்யும். பாலாடை, ஸ்பூன் கடிபட்டாலும் இதே வழிதான், இரும்பு ஸ்பூனைப் பிடுங்கி இழுத்துப் பல் ஆடிப்போன குழந்தைகள் உண்டு.

இது முடிந்ததும் இடைவெளி விடாமல் சாப்பாடு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை அவன் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, கட்டைவிரல் தாடை மூட்டருகே, ஆள்காட்டி விரல் கீழ் உதட்டுக்குக் கீழே, நடுவிரல் மோவாய்க்கு அடியில் என்று தாங்கிப் பிடியுங்கள். இது தாடையைத் தாங்குவதற்கு மட்டும், அமுக்கி மூடுவதற்கு இல்லை. இன்னொரு கையில் குழியில்லாத தட்டையான ஸ்பூன், கடிக்கிற குழந்தை என்றால் உடையாத சிலிகான் ஸ்பூன். கீழ் மட்டத்திலிருந்து நேராகக் கொண்டு வந்து நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி அப்படியே நிறுத்துங்கள். மேல் உதடு கீழே இறங்கி வரும்வரை நிறுத்துங்கள். நாம் என்ன செய்கிறோம் என்றால் ஸ்பூனை மேலே தூக்கி, சாதத்தை மேல் பல்லில் வழித்துவிட்டு எடுக்கிறோம், உதட்டுக்கு வேலையே வைப்பதில்லை. அப்புறம் உதடு மூடவில்லை என்று மசாஜ் தேடுகிறோம். மேல் உதடு இறங்கி வந்து சாதத்தை வாங்கும் அந்த ஒரு அசைவு ஒரு வேளைச் சாப்பாட்டில் ஐந்து தடவை நடந்தாலே அது தெரபி. பசியோடு இருக்கும் முதல் ஐந்தாறு வாய்க்கு மட்டும் இப்படிச் செய்து, மிச்சத்தை வழக்கம்போல் ஊட்டினாலும் போதும், தினம் மூன்று வேளையும் இப்படிப் போராட எந்த அம்மாவாலும் முடியாது.

காலையில் இதே வரிசையைப் பிரஷ்ஷுக்கு முன்னால் செய்யலாம். ஒரு கட்டத்தில் துணி சுற்றிய விரலின் இடத்தில் மெத்தென்ற பிரஷ் வந்துவிடும். பேஸ்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி பேச்சு. ஊதுவது, நாக்கை நீட்டுவது, கன்னத்தைத் தடவுவது மாதிரிப் பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகள் பேச்சைக் கொண்டுவருமா என்பதை ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த முறையான தொகுப்பாய்வு, அப்படிச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. வேடிக்கை என்னவென்றால், 2008இல் அங்கே நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் ஸ்பீச் தெரபிஸ்டுகளில் 85 சதவீதம் பேர் இந்தப் பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிறார்கள் என்பதும் பலன் இருக்கிறது என்பதும் வேறு வேறு. சாப்பாட்டுப் பக்கம் நிலைமை கொஞ்சம் நன்றாக இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று 12 நிமிடம் தடவி, 3 நிமிடம் சூப்பானைச் சப்பவிட்டு, பத்து நாள் செய்து பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7 நாள் முன்னதாக டியூப் இல்லாமல் வாயாலேயே பால் குடித்தார்கள். ஆனால் அது குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது, மருத்துவமனையில், பயிற்சி பெற்றவர் கையால் நடந்தது. நான்கரை வயதுப் பையனுக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

அதனால் பேச்சுக்குத் தனி ஏற்பாடு வேண்டும், அதற்கு வாய் தயாராகும்வரை காத்திருக்கக் கூடாது. பேச்சு வருமோ வராதோ, சொல்ல ஒரு வழி அவனுக்கு இன்றைக்கே வேண்டும். இரண்டு படத்தைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டு, அவன் கண் எதில் நிற்கிறது என்று பார்ப்பதில் ஆரம்பிக்கலாம். பிறகு படப் பலகை, அதன் பிறகு டேப்லெட்டில் தொட்டால் பேசும் செயலி. சென்னையிலேயே உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் இருக்கிறது. படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் வேண்டாம், அது பேச்சைத் தடுப்பதில்லை.

செய்யக் கூடாதவை. வசம்பை நம் ஊரில் பிள்ளை வளர்ப்பான் என்றே சொல்வார்கள், உங்கள் மாமியார் சொல்வது அவருடைய அம்மா காலத்திலிருந்து வருவது, அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். தவிர, விழுங்குவதில் சிக்கல் இருக்கும் குழந்தையின் நாக்கில் காரமான எதையும் தடவினால் எச்சில் பொங்கிப் புரையேறும். தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. மூக்கில் நல்லெண்ணெய் விடுவது, வாயில் எண்ணெய் கொப்பளிக்க வைப்பது இரண்டுமே நுரையீரலில் எண்ணெய் இறங்கி நிமோனியாவில் கொண்டு விடும். முகத்தில் ஐஸ் வைப்பதை வீட்டில் செய்யாதீர்கள், முகத்தில் திடீரென்று குளிர் பட்டால் இதயத் துடிப்பு இறங்கும், இதயக் கோளாறு இருக்கும் குழந்தைக்கு அது விளையாட்டில்லை. அதிரும் கருவிகளை, பேட்டரி பிரஷ் உட்பட, ஃபிட்ஸ் உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால், செரிப்ரல் பால்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் இதைப் படித்தால்: உங்களுக்கு வரிசை அதேதான், ஆனால் உங்கள் கையைவிட அவன் கை நல்லது. அவன் கையை அவன் கன்னத்தில் வைத்து அவனே அழுத்தட்டும், துணியைப் பிடித்துக் கண்ணாடி பார்த்து அவனே துடைக்கட்டும். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு செய்வது எந்தக் குழந்தைக்கும் கூடாது, இவர்களுக்குக் கூடவே கூடாது.

எவ்வளவு நாளில் தெரியும் என்று கேட்பீர்கள். முதலில் தெரிவது ஜொள்ளு குறைவது இல்லை, பிரஷ்ஷைப் பார்த்ததும் முன்போல் வளையாமல் இருப்பது. ஜொள்ளுக்கு மாதக்கணக்கில் ஆகும், முழுதாக நிற்காமலும் போகலாம். ஒரு நாளைக்கு எத்தனை பிப் (கழுத்தில் கட்டிவிடும் துணி) நனைகிறது என்று காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள், கண் மதிப்பை நம்பாதீர்கள். நன்றாக உட்கார வைத்து, சாப்பாட்டோடு சேர்த்துச் செய்தும் பல மாதம் ஒன்றும் அசையவில்லை என்றால், எச்சில் சுரப்பதையே குறைக்கும் மருந்து வழி இருக்கிறது. கிளைகோபைரோலேட் என்ற மருந்தை 3 முதல் 16 வயதுவரை இதே பிரச்சினைக்கு அமெரிக்காவில் 2010இல் அனுமதித்தார்கள், இங்கே டிரைஹெக்ஸிஃபெனிடிலும் கொடுக்கிறார்கள். மலச்சிக்கல் வரும், எச்சில் கெட்டியாகும், வியர்வை குறையும், அதனால் நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் உடம்பு சூடேறாமல் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்சில் சுரப்பியில் போடும் போட்டாக்ஸ் ஊசியும் உண்டு. எல்லாம் நரம்பியல் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

சில அறிகுறிகள் இருந்தால் மசாஜையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே காட்டுங்கள்: சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்ட பிறகு குரல் கொழகொழவென்று ஈரமாகக் கேட்பது, அடிக்கடி சளிக் காய்ச்சல் அல்லது நிமோனியா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது, எடை ஏறாமல் நிற்பது. சாப்பாடு நுரையீரலுக்குப் போகிறதா என்று எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. சில குழந்தைகளுக்கு இருமலே வராமல் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும், அதனால் இருமவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

எங்கே காட்டுவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள், 18 வயதுவரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. சென்னைக்கு வர முடிந்தால் ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது, பிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பீச் எல்லாம் ஒரே வளாகத்தில். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே ஆள் அனுப்பிச் சின்னக் குழந்தைகளுக்குத் தெரபி செய்கிறது. தனியாரிடம் போனால் அந்த ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. போகும்போது அவன் ஒரு வேளை முழுக்கச் சாப்பிடுவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்துக்கொண்டு போங்கள், புது இடத்தில் அவன் வாயே திறக்க மாட்டான். கதவை மூடிக்கொண்டு அரை மணி நேரம் தானே செய்துவிட்டு, பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும் தெரபிஸ்ட் வேண்டாம். உங்கள் கையை அவன் முகத்தில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டுகிறவராகப் பாருங்கள்.

மாமியாருக்கு வசம்புக்குப் பதிலாக வேறு வேலை கொடுங்கள். மடித்த துணியும் ஒற்றி எடுக்கும் முறையும் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடும், பகலில் பையன் அதிக நேரம் அவரிடம்தானே இருக்கிறான். பால்வாடிக்கோ பள்ளிக்கோ போகிறான் என்றால் அங்கே இருக்கும் ஆயாவுக்கும் ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள், பையில் நான்கு துணி கூடுதலாக வைத்து அனுப்புங்கள்.